கோவளத்துக்கு டைல்ஸ் போட்டா பேரு மாறுமா?

எங்க பக்கம், அதாவது மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை பக்கம், கல்யாணம் ஆகாத பையன் ஒருத்தன் "ஞாயித்துக்கிழமை கோவளம் போயிருந்தேன்"னு சொன்னா போதும், கேட்டவங்க வாயோரத்துல ஒரு சிரிப்பு வந்துரும். வீட்டுல உள்ள கிழவி "அங்க என்ன எளவுக்குலே போன"ன்னு கேக்கும். அதே பையன் கன்னியாகுமரி போயிட்டு வந்தேன்னு சொன்னா ஒண்ணும் கிடையாது, அம்மன தொழுதியா, கண்ணாடிப் பாலத்துல ஏறினியான்னு கேட்டுட்டு விட்டுருவாங்க. எங்களுக்கு பாத்தா கோவளம்தான் பக்கம். ஆனா கன்னியாகுமரி சாமி ஊரு, கோவளம் வந்து... சரி, விடுங்க, உங்களுக்கே தெரியும்.

முதல்லயே சொல்லிடுறேன், எங்க மாவட்டத்துலயே கன்னியாகுமரிக்கு பக்கத்துல ஒரு கோவளம் இருக்கு, சென்னை பக்கம் ஈசிஆர்ல ஒண்ணு இருக்கு, அதுக்கு 2021-ல சுத்தமான பீச்சுன்னு புளூ ஃபிளாக் சான்றிதழ் எல்லாம் குடுத்தாங்க. நான் பேசுறது அது ரெண்டும் இல்ல, விழிஞ்ஞம் பக்கத்துல இருக்குற கேரளா கோவளம். லைட் ஹவுஸ், கருப்பு மண்ணு, வெள்ளக்காரங்க, பீரு, அந்த கோவளம்.

இப்ப எதுக்கு இந்தப் பேச்சுன்னா, 2023-ல கேரளா அமைச்சரவை கோவளத்த புதுப்பிக்க 93 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஓகே சொன்னதுல இருந்து எங்க குடும்ப வாட்சப் குரூப்புல யாராவது ஒருத்தர் மாசத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது வீடியோ போட்டு "இனி கோவளம் பக்கா ஃபேமிலி ஸ்பாட்"னு எழுதிடுறாங்க, நானும் கை துறுதுறுன்னு பதில் டைப் பண்ணிட்டு அழிச்சிடுறேன், பெரியவங்க எல்லாம் இருக்குற குரூப்பு. அதான் இங்க வந்து கொட்டுறேன்.

எனக்க அம்மைக்க தம்பி, எங்க மாமா, கோவளத்துல லைட் ஹவுஸ் பீச்சுல ஒரு ரெஸ்டாரண்ட்டுல ரொம்ப வருஷம் வேலை பாத்தாரு. முதல்ல பாத்திரம் கழுவ போனவரு, அப்புறம் அடுக்களை, கடைசில மீன் செக்ஷன் முழுக்க அவருதான். சாயங்காலம் ஆனா கடை வாசல்ல ஒரு மேஜை போட்டு ஐஸ் மேல நெய்மீன், சிங்கி இறால், கணவா எல்லாம் வரிசையா படுக்க வச்சு, போற வர்ற வெள்ளக்காரங்கள கூப்பிட்டு விலை பேசுறது அவரு வேலை. இங்கிலீஷ், கொஞ்சம் ஜெர்மன், அப்புறம் ரஷ்யாக்காரங்க வர ஆரம்பிச்சதும் ரஷ்யன்ல மீன் பேரு எல்லாம் சொல்லுவாரு. எட்டாங்கிளாஸ்தான் படிச்சிருக்காரு.

அவருக்கு பொண்ணு பாக்கும்போதுதான் கோவளம்ங்குற பேரு என்ன பாடு படுத்தும்னு எங்க வீட்டுக்கு தெரிஞ்சுது. தரகர் வருவாரு, பையன் நல்ல பையன், கைல தொழில் இருக்கு, மாசாமாசம் பைசா அனுப்புறான், எல்லாம் செரி. எங்க வேலை? கோவளத்துல. அவ்வளவுதான், அந்தப் பக்கம் ஒரு "ஓ" வரும், அப்புறம் போன் வராது. சாராயம் ஊத்திக் குடுக்குற எடம், துணி இல்லாம படுத்துக் கெடக்குற எடம், கஞ்சா நடமாடுற எடம், அங்க இருக்குறவன் எப்பிடி இருப்பான், இப்பிடித்தான் பேச்சு. கடைசில எங்க ஆச்சி ஒரு முடிவு எடுத்து, "திருவனந்தபுரத்துல ஹோட்டல்ல சமையல்"னு சொல்லச் சொல்லிட்டாங்க. பொய்யும் இல்ல, கோவளம் திருவனந்தபுரம் ஜில்லாதானே. அடுத்த மாசமே நிச்சயம் ஆயிடுச்சு. மாமிக்கு கல்யாணத்துக்கு அப்புறம்தான் முழு விஷயமும் தெரியும், இன்னைக்கும் சண்ட வந்தா அத எடுத்து போடுவாங்க.

ஒரு ஊரப் பத்தி கெட்ட பேரு வந்தா டூரிஸ்ட்டு வேற ஊருக்கு போயிடுவான், அவனுக்கு என்ன. அங்க வேலை பாக்குறவனுக்கு அது உடம்புல ஒட்டிக்கும். புதுப்பிக்கிறோம்னு பேசுற எந்த மீட்டிங்குலயும் இந்தக் கணக்கு வந்து நான் கேட்டதே இல்ல.

இந்தப் பேரு எப்பிடி வந்துச்சுன்னா, அது ஒரே நாள்ல வந்தது இல்ல. முதல்ல அது ராஜா குடும்பத்து எடம், 1930-கள்ல திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்காரங்க அந்த குன்னுமேல ஹால்சியன் கேசில்னு ஒரு பங்களா கட்டி ஓய்வுக்கு வருவாங்க. கீழ கடப்புறத்துல மீன்பிடிக்கிறவங்க. அறுபதுகள் கடைசி, எழுபதுகள்ல ஹிப்பிகள் வந்தாங்க, ஐரோப்பாவுல இருந்து தரைவழியா கெளம்பி கோவா வந்து அப்பிடியே கீழ இறங்கி இங்க வந்து மீன்காரங்க வீட்டுத் திண்ணைல படுத்தாங்க. அதே சமயம் அரசாங்கமும் சும்மா இல்ல, அந்த குன்னுச் சரிவுல கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கொரியாவ வச்சு மத்திய அரசோட சுற்றுலாக் கழகம் ஐடிடிசி பெரிய ஹோட்டல் கட்டுச்சு, 1970-கள் நடுவுல. அழகான கட்டடம், மலைய வெட்டாம மலையோட சேந்து படிப்படியா இறங்கும். அதுக்கப்புறம் கை மாறி கை மாறி இப்ப தனியார் நட்சத்திர ஹோட்டலா இருக்கு. ஆக மேல பணக்காரன், கீழ திண்ணைல ஹிப்பி, நடுவுல நம்ம மாமா மாதிரி ஆளுங்க. அப்புறம் பிரிட்டன்ல இருந்து சார்ட்டர் ஃப்ளைட், அதாவது டூர் கம்பெனி மொத்தமா எடுத்து ஓட்டுற விமானம், திருவனந்தபுரத்துல வந்து இறங்க ஆரம்பிச்சதும் தென்னந்தோப்பு எல்லாம் லாட்ஜ் ஆயிடுச்சு. ஒரு வழிமுறையும் கெடையாது, மண்ணு எங்க முடியுதோ அங்க சுவரு.

டீபாட் கத தெரியுமா உங்களுக்கு? அந்த பீச்சுல இருந்த சின்ன ரெஸ்டாரண்ட் பலதுக்கும் பீர் விக்க லைசென்ஸ் கெடையாது. ஆனா வெள்ளக்காரன் மீன் சாப்பிட உக்காந்தா பீர் கேப்பான். அதனால பாட்டில் மேஜைக்கு மேல வராது. உள்ள அடுக்களைலயே பீர பீங்கான் டீபாட்டுல ஊத்தி, கூட ரெண்டு பெரிய பீங்கான் மக் வச்சு, ட்ரேல எடுத்துட்டு வந்து பவ்யமா வைப்பாங்க. காலி பாட்டில் மேஜைக்கு அடில, இல்லன்னா பேப்பர் சுத்தி பின்னால. பில்லுல "ஸ்பெஷல் டீ". நுரை பொங்கிட்டு நிக்கும் டீபாட் மூக்குல, பக்கத்துலயே ஒரு போலீஸ்காரரு கடலப் பாத்துட்டு நடந்து போவாரு. மாமா சொல்லுவாரு, அந்த டீபாட்ட மட்டும் தினமும் அவரு கையால கழுவுவாராம், உண்மையா சாயா கேட்டு எவனாவது வந்து அதுல ஊத்திக் குடுத்துட்டா நாத்தம் காட்டிக் குடுத்துருமேன்னு. வெள்ளக்காரங்களுக்கு அது ஒரு தமாஷ், ஊருக்குப் போய் எல்லார்ட்டயும் சொல்லுவாங்க. அவங்க டூரிஸ்ட் கைடு புக்குல கூட அத எழுதி வச்சாங்க. ஒரு வகைல அந்த பீச்சோட விளம்பரமே அதுதான்.

நான் சொல்ல வந்த விஷயம் இங்க இருந்துதான் ஆரம்பிக்குது. கோவளத்தோட பேரு கெட்டது அந்த டீபாட்டால இல்ல. குடிச்சவங்களால கூட பெருசா இல்ல, அவங்க பாட்டுக்கு மீன் தின்னாங்க, பீர் குடிச்சாங்க, வெயில்ல கெடந்து சிவந்தாங்க, ரூமுக்கு போயிட்டாங்க. பேரு கெட்டது பாக்க போனவங்களால. ஆமா, நம்ம ஆளுங்கதான். இந்தப் பக்கம் நாகர்கோவில் மார்த்தாண்டத்துல இருந்து, அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை, கொல்லம் வரைக்கும், சனி ஞாயிறு ஆனா வேன் புடிச்சு, பைக் புடிச்சு, சட்டை போட்ட முழு ஆம்பளைங்க கூட்டமா மண்ணுல உக்காந்து, கடலுக்கு முதுகக் காட்டிட்டு, படுத்துக் கெடக்குற பொம்பளைங்களப் பாப்பாங்க. கடல் பின்னால இருக்கு மக்கா! நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது மாமாவப் பாக்க வீட்டோட போனப்ப இத பாத்து எங்க அம்மா என் தலைய பிடிச்சு கடல் பக்கம் திருப்பி விட்டாங்க. அவனுகள யாரும் திருப்பி விடல.

அப்புறம் கேமரா போன் வந்துச்சு. இப்ப மொபைல்ல ஜூம் இருக்குற அளவுக்கு அந்தக் காலத்துல இல்ல, அதனால கிட்ட போய் எடுப்பானுக. "மேடம் ஒன் செல்ஃபி". ஒரு அம்மா எழுந்து டவல சுத்திட்டு போயிடும். இன்னொரு தடவ வராது. மாமா கடைக்கு ரெகுலரா வர்ற ஒரு வயசான ஜோடி, வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால வந்து ஒரு மாசம் இருக்குறவங்க, ஒரு வருஷம் வடக்க இருக்குற வர்க்கலா பீச்சுல ரூம் எடுத்துட்டு, அங்க இருந்து டாக்ஸி புடிச்சு மாமாவ பாக்க மட்டும் வந்துட்டு போனாங்களாம். ஏன்னு கேட்டதுக்கு அந்த அம்மா கைய காட்டுச்சாம், மண்ணுல வரிசையா உக்காந்திருந்த பசங்கள. அவ்வளவுதான் பதில். கொஞ்சம் கொஞ்சமா அந்த பேக்பேக்கர் கூட்டம் முழுக்க வர்க்கலா குன்னுக்கு ஏறிடுச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா அதே பசங்கதான் ஊருக்கு வந்து கோவளம் மோசமான எடம்னு சொல்றது. மோசம்னு தெரிஞ்சுதானே லே போன.

கேரளா அரசாங்கம் ஒவ்வொரு தடவையும் பேரக் காப்பாத்த கை வச்ச எடம் எதுன்னு பாருங்க. 2014-ல கை வச்சது சாராய பார் மேல. 418 பாருக்கு தரம் இல்லன்னு லைசென்ஸ் புதுப்பிக்கல, அப்புறம் ஃபைவ் ஸ்டார் தவிர எதுலயும் பார் கெடையாதுன்னு கொள்கை போட்டாங்க, சுப்ரீம் கோர்ட்டும் 2015 டிசம்பர்ல செரின்னு சொல்லிடுச்சு. 2016-ல ஆட்சி மாறி, 2017-ல த்ரீ ஸ்டாருக்கும் அதுக்கு மேலயும் திரும்ப குடுத்தாங்க. நடுவுல அந்த மூணு வருஷம் கோவளம் சுத்தபத்தமா ஆயிடுச்சா? குடிக்கிறவன் பெவ்கோ கடைல, அதான் கேரளா அரசாங்கத்தோட மதுக்கடைல, கியூ நின்னு வாங்கி பையில போட்டு மண்ணுக்கே கொண்டு வந்துட்டான். முன்னாடி குடிச்சது பார் உள்ள, ஒரு கதவு இருந்துச்சு. இப்ப திறந்த வெளி. உடைஞ்ச பாட்டில் மண்ணுக்குள்ள. மாமா காலுல இன்னும் அந்த தழும்பு இருக்கு. மதுவிலக்கு வேணுமா வேண்டாமாங்குற பெரிய சண்டைக்குள்ள நான் வரல, எங்க மாவட்டத்துல டாஸ்மாக் பண்ற கூத்து பாத்தா எனக்கே மூடுன்னு கத்தத் தோணும். ஆனா பீச்சோட பேர காப்பாத்தணும்னா கதவுக்குள்ள இருக்குற குடிய வெளிய தள்ளக் கூடாது, அது மட்டும் தெரியும்.

அப்புறம் 2021 டிசம்பர் 31. அந்த வீடியோ நீங்களும் பாத்திருப்பீங்க. கோவளத்துல வருஷக்கணக்குல தங்கியிருந்த ஒரு ஸ்வீடன்காரரு, புது வருஷத்துக்கு பெவ்கோல மூணு பாட்டில் வாங்கிட்டு ஸ்கூட்டர்ல வர்றாரு, போலீஸ் நிறுத்தி பில் எங்கன்னு கேக்குது, பில் இல்ல. மனுஷன் வாதாடல, ரெண்டு பாட்டில தொறந்து ரோட்டோரம் கொட்டிட்டு, காலி பாட்டில வீசாம திருப்பி பைக்குள்ள போட்டாரு பாருங்க, எனக்கு அதுதான் நெஞ்சுல நின்னுச்சு. பக்கத்துல இருந்தவங்க வீடியோ எடுத்து, அது நாடு முழுக்க ஓடி, எஸ்ஐ சஸ்பெண்ட், மந்திரிங்க வருத்தம், எல்லாம் ஆச்சு. சட்டப்படி கடைல வாங்கின சரக்கு அது. மண்ணுல உக்காந்து பொம்பளைங்கள படம் எடுத்த ஒருத்தன இந்த மாதிரி நிறுத்தி போன் கேலரிய தொறந்து காட்டுன்னு கேட்ட வீடியோ ஒண்ணு எங்கயாவது பாத்திருக்கீங்களா? நான் பாக்கல.

2018-ல நடந்தத பத்தி நிறைய எழுத மனசு வரல. ஆயுர்வேத சிகிச்சைக்காக வந்த ஒரு லாட்வியா பொண்ணு காணாம போயி, ஒரு மாசத்துக்கு மேல கழிச்சு திருவல்லம் பக்கம் கண்டல் காட்டுக்குள்ள, அதாவது அலையாத்திக் காட்டுக்குள்ள, உடலா கெடச்சது. கூடப்பிறந்த சகோதரி தெருத்தெருவா போஸ்டர் ஒட்டி தேடினாங்க. 2022 டிசம்பர்ல ரெண்டு பேருக்கு ஆயுள் தண்டனை. வெளிநாட்டுல ஒருத்தி கோவளம்னு கூகுள்ல தேடினா லைட் ஹவுஸ் படத்தோட அதுவும்தான் வரும். அதுக்கு எந்த டைல்ஸ் பதில் சொல்லும்?

சரி, வேற ஊருக்காரங்க என்ன பண்ணினாங்கன்னு ஒரு நாள் ராத்திரி உக்காந்து படிச்சுட்டே போனேன். ஸ்பெயின்ல மயோர்க்கா தீவுல மகலூஃப்னு ஒரு ஊரு. பிரிட்டன்ல இருந்து இளவட்டங்க கூட்டமா வந்து குடிச்சு விழுற ஊரு, அந்த பேரையே கெட்ட வார்த்தையா திரிச்சுத்தான் கூப்பிடுவாங்களாம். அங்க மெலியாங்குற பெரிய ஹோட்டல் கம்பெனி, 2012 வாக்குல இருந்து, தன்னோட பழைய ஹோட்டல் எல்லாத்தையும் வரிசையா இடிச்சு புதுப்பிச்சு, நட்சத்திரத்த ஏத்தி, வெலைய ஏத்தி, குடும்பங்கள இழுக்கப் பாத்துச்சு. அது பத்தாதுன்னு 2020 ஜனவரில அந்த பலேரிக் தீவு அரசாங்கம் சட்டம் போட்டுச்சு. புன்டா பயேனான்னு ஒரு தெரு, அங்கதான் கூத்து எல்லாம், அந்த மாதிரி சில குறிப்பிட்ட தெருக்கள்ல மட்டும் ஹேப்பி அவர் கெடையாது, ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ கெடையாது, ஆள் கூட்டிட்டு பார் பாரா சுத்துற பப் கிரால் கெடையாது, ராத்திரி ஒன்பதரைக்கு மேல கடைல சரக்கு கெடையாது, பேக்கேஜ்ல வர்றவனுக்கு மதியம் மூணு ராத்திரி மூணுன்னு ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ்தான். குடிச்சுட்டு பால்கனில இருந்து நீச்சல் குளத்துக்கு குதிக்கிற ஒரு பைத்தியக்காரத்தனம் அங்க உண்டு, வருஷாவருஷம் பசங்க சாவானுங்க, அப்பிடி குதிச்சா ஹோட்டல விட்டு வெளிய. மீறுற கடைக்கு 6 லட்சம் யூரோ வரைக்கும் அபராதம்.

எனக்கு அதுல பிடிச்சது என்னன்னா தீவு முழுக்க பூட்டு போடல. எந்தத் தெரு, எந்த வியாபார முறை, எந்த நேரம், அத மட்டும் குறி வச்சு அடிச்சாங்க. கோவாவுல கூட 2019-ல பீச்சுல வெட்டவெளில குடிச்சா, சமைச்சா ஒரு ஆளுக்கு 2000, கும்பலுக்கு 10000 ரூபாய்னு அபராதம் கொண்டு வந்தாங்க, நியாயம்தான், பஸ்ஸுல அடுப்பும் சிலிண்டரும் ஏத்திட்டு வந்து கடற்கரைல பிரியாணி கிண்டுறது நம்ம தேசிய குணமாச்சே.

ஆனா மகலூஃப் கத அப்பிடி சுபமா முடியல. பிரிட்டன் பசங்க இன்னும் வர்றாங்க, அந்தத் தெருவும் அப்பிடியேதான் இருக்காம். இன்னொரு பக்கம் ஊரு வெல கூடினதுல 2024-ல மயோர்க்கா சனங்களே ஆயிரக்கணக்குல ரோட்டுக்கு வந்து, வாடகை கட்ட முடியல, எங்களுக்கு வீடு இல்ல, டூரிஸ்ட்ட குறைங்கன்னு கோஷம் போட்டாங்க. குடிகாரனும் தொல்லை, அவனுக்கு பதிலா வந்த காசுக்காரனும் தொல்லை. இத நம்ம 93 கோடிக்காரங்க படிச்சிருப்பாங்களான்னு தெரியல.

கோவளத்துல இப்ப என்ன நடக்குதுன்னா, ஒண்ணு, கடலே எடத்த எடுத்துட்டு இருக்கு. மழைக்காலத்துல அலை வந்து நடைபாதைய தோண்டி எடுத்துட்டு போகும், அப்புறம் திரும்ப கட்டுவாங்க, அடுத்த ஆடில திரும்ப போகும். விழிஞ்ஞம் துறைமுகம் வந்ததாலதான் இப்பிடின்னு மீன்பிடிக்கிறவங்க 2022-ல மாசக்கணக்கா போராட்டம் பண்ணினாங்க, துறைமுகக்காரங்க இல்லன்னு சொல்றாங்க. துறைமுகம் 2025 மே மாசம் திறந்தும் ஆச்சு, இப்ப லைட் ஹவுஸ்ல ஏறி நின்னா ஒரு பக்கம் பீச்சு, திரும்பினா ராட்சச கிரேனுங்க. ரெண்டு, பைபாஸ். காரோடுங்குற ஊர்ல இருந்து முக்கோலா வரைக்கும் காங்கிரீட் ரோடு போட்டாச்சு, களியக்காவிளை தாண்டினதும் ஏறினா நெய்யாற்றின்கரை நெரிசல் எதுவும் இல்லாம நேரா கோவளம் பக்கத்துல இறங்கிடலாம். மதியம் சோறு தின்னுட்டு கெளம்பி, சாயங்காலம் சூரியன் இறங்குறத பாத்துட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரலாம். நாங்க உட்பட எல்லாரும் அததான் பண்றோம். கோவளத்துல ஒரு சாயா, ஒரு ஐஸ்கிரீம், பார்க்கிங் காசு. அவ்வளவுதான் எங்களால அந்த ஊருக்கு வருமானம். டைல்ஸும் லைட்டும் செல்ஃபி எடுக்க எழுத்து வச்ச போர்டும் எங்களுக்காகத்தான் போடுறாங்க, ரூம் எடுத்து தங்குறவன் அதுக்காக வர மாட்டான்.

புதுசா ஏதாவது வச்சாத்தான் கூட்டம் வரும்னு ஒரு நெனப்பு இருக்கே, அது இன்னும் பயம். வர்க்கலாவுல மிதக்குற பாலம்னு ஒண்ண கடலுக்குள்ள விட்டு, 2024 மார்ச்ல அலை அடிச்சு ஆளுங்க கடல்ல விழுந்து எத்தன பேருக்கு அடி. கடல் கொந்தளிக்கிற கடல். அதுக்கு மேல விளையாட்டு சாமான் வைக்காதீங்கப்பா.

எனக்கு கேட்டா பொம்பளைங்களுக்கு ஒரு சுத்தமான டாய்லெட்டும், துணி மாத்த ஒரு ரூமும், தண்ணியோட, பூட்டோட, ராத்திரி எட்டு மணி வரைக்கும் தொறந்து இருக்கணும். கடல்ல கால் நனைச்ச ஈரச்சேலையோட வேன் வரைக்கும் நடந்து போற அவஸ்த ஆம்பளைங்களுக்கு புரியாது, இந்த ப்ளான் போடுற மேஜையில எத்தன பொம்பளைங்க இருந்தாங்களோ. ரெண்டாவது, லாட்ஜு பின்னால இருந்து வர்ற கழிவுத் தண்ணி. ஓடை மாதிரி வந்து மண்ணுக்குள்ள இறங்கி கடலுக்கு போறத நானே தாண்டி குதிச்சிருக்கேன், அத மூடாம மேல கிரானைட் பதிச்சு என்ன பிரயோஜனம். மூணாவது, லைஃப்கார்டு பசங்களுக்கு நிரந்தர வேலையும் ஒழுங்கான சம்பளமும், நம்ம ஆளுங்க சிவப்பு கொடி நட்டிருக்குற எடத்துலதான் போய் இறங்குவாங்க, விசில் அடிச்சு அடிச்சு அவங்க வாய் வீங்கிடும். அப்புறம் சாதா உடுப்புல நாலு பெண் போலீஸ் மண்ணுல நடந்தா போதும், அந்த முதுகு காட்டி உக்காருற கூட்டம் தானா திரும்பி உக்காரும்.

அப்புறம் பழம் விக்கிற அக்காமாரு. புதுப்பிக்கிறோம்னு சொன்னா எல்லா ஊர்லயும் முதல்ல தொரத்துறது கூடைக்காரங்களைத்தான். லைட் ஹவுஸ் பீச்சுல ஒரு அக்கா இருக்காங்க, கொல்லங்கோடு பக்கம் பிறந்த ஊரு, விழிஞ்ஞத்துல கட்டிக் குடுத்தது, எங்களப் பாத்ததும் மலையாளத்துல இருந்து தமிழுக்கு மாறிடுவாங்க. அன்னாசிய கொண்டைய பிடிச்சு தலைகீழா நிறுத்தி, கத்திய சாய்ச்சு கண்ணு கண்ணா சுத்தி சுத்தி வெட்டிட்டே வருவாங்க, முடிக்கும்போது கொண்டையே கைப்பிடி, ஐஸ்கிரீம் மாதிரி பிடிச்சு கடிக்கலாம், பிளேட்டு வேண்டாம், ஸ்பூன் வேண்டாம், ஒரு துண்டு பிளாஸ்டிக் இல்ல. "கூடைய கொண்டு வரக்கூடாதுன்னு சொல்லிடுவாங்களா அக்கா"ன்னு கேட்டேன். "வியாபாரி கார்டு கேப்பாங்க பிள்ளே, எடுத்து வச்சிருக்கேன், ஆனா கடை ஒதுக்கினா வாடகை கேப்பாங்க, இந்த அன்னாசிய வித்து வாடகை குடுக்க முடியுமா"ன்னாங்க. வெள்ளக்காரங்க கோவளம்னா மறக்காம சொல்றது இவங்களப் பத்திதான், அத கியோஸ்க்குக்குள்ள கொண்டு போய் அடைச்சு வச்சு என்ன பண்ணப் போறாங்களோ.

காலைல ஆறு மணிக்கு போனா கம்பாவலை இழுப்பாங்க, அத பாத்திருக்கீங்களா? ரெண்டு பக்கமும் ஆளுங்க வரிசையா நின்னு ஒரே தாளத்துல கூவி கயிறு இழுக்க, டூரிஸ்ட்டும் ஓடி வந்து ஒரு கை பிடிப்பான், மீன விட பிளாஸ்டிக் அதிகமா வர்ற நாளும் உண்டு. செப்டம்பர் கடந்தா பாறைல முங்கி சிப்பி எடுக்குற பசங்க, கரைலயே சுட்டு மசாலா தடவி தருவாங்க. பேரு வாங்கணும்னா இதையெல்லாம் வச்சு வாங்கலாமே, இதுக்கு யாரும் வேன் புடிச்சு வர்றதில்ல. காலைல ஆறு மணிக்கு எந்த பையன் எழும்புறான்.

இத எல்லாம் மாமாட்ட சொன்னேன். அவரு இப்ப கருங்கல் பக்கம் சின்னதா ஒரு மெஸ் வச்சிருக்காரு, மதியம் மீன்கறி சோறு, கூட்டம் பரவாயில்ல. முழுசா கேட்டுட்டு சிரிச்சாரு. "மக்களே, நீ சொல்ற டாய்லெட்டும் போலீசும் எல்லாம் நல்லதுதான், ஆனா நமக்கு பைசா தந்தது சார்ட்டர் ஃப்ளைட்டு. அது வந்தா பழைய கோவளம் வரும், வராட்டா நீ தங்கத்துல நடைபாதை போட்டாலும் வராது"ன்னாரு. வெள்ளக்காரன் ஏன் மாமா வரல, நம்ம ஆளுங்க பாத்த பார்வைல தானே போனான்னு கேட்டேன். "அதுவும் உண்டு"ன்னு சொல்லிட்டு, "ஆனா அந்த பசங்களும் என்ட்ட ரெண்டு பிளேட்டு கணவா ஃப்ரை வாங்குவானுக, மழைக்காலத்துல வெள்ளக்காரன் ஒருத்தன் இருக்க மாட்டான், ஜூன் ஜூலைல என் சம்பளம் அவனுகதான்"னு ஒரு போடு போட்டாரு. எனக்கு அதுக்கு பதில் இல்ல. மாமி உள்ள இருந்து "திருவனந்தபுரம் ஹோட்டல்காரரு பேசுறாரு, கேட்டுக்கோ"ன்னு சத்தம் போட்டாங்க.

டிசம்பர்ல போறவங்க பைபாஸ்ல போங்க, முக்கோலால இறங்கிடுங்க, வண்டிய மேலயே விட்டுட்டு நடங்க, பீச்சு வரைக்கும் கார கொண்டு போனா திருப்ப எடம் கெடைக்காது. அன்னாசி அக்காட்ட வெல பேசாதீங்க.